புயலுக்குப் பின் வந்த இரு ஞாயிறுகள்



திருவழிபாட்டு ஆண்டு நிறைவடைந்து திருவருகைக்காலம் பிறக்கின்ற வாரங்கள் நம் நாட்டிலே பெரும்பாலும் மழையோடுதான் வருகின்றன. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கும் காலம் அது. வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்கள் வலுப்பெற்று, சூறாவளிகளாக நம் கரையை நோக்கி வருவதும் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே. ஆலயத்தினுள்ளே இறுதிக்காலத்தைப் பற்றியும் விழித்திருத்தலைப் பற்றியும் இறைவார்த்தை வாசிக்கப்படும் அதே நாட்களில், வெளியே வானம் கறுத்துக்கொண்டிருக்கும். வானத்தையும் வாசகத்தையும் ஒன்றாக வைத்துச் சிந்திப்பதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கமாகும்.

வடக்கிலே வயதில் மூத்தவர்களைக் கேட்டால், 1964 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22 ஆம் திகதி இரவைப் பற்றிச் சொல்வார்கள். அன்று நம் தீவின் வடபகுதியைக் கடந்து சென்ற சூறாவளி, மன்னாருக்கு எதிர்க்கரையிலுள்ள தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து அங்கு சென்றுகொண்டிருந்த புகையிரதம் ஒன்று, தன்னில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலலையில் மூழ்கிப் போனது. இடிந்த ஆலயம் ஒன்றின் சுவர்கள் இன்றும் அந்த மணல்மீது நிற்கின்றன. கிழக்கிலே கேட்டால், 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி என்பார்கள். மலைநாட்டிலே எவரையும் கேட்க வேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ சூறாவளியின் காயம் அங்கே இன்னும் ஆறவில்லை.

இவற்றுள் கிழக்கின் புயலையும் மலைநாட்டின் புயலையும் இங்கு எடுத்துக்கொள்வோம். இவை ஒவ்வொன்றையும் அடுத்து ஒரு ஞாயிறு வந்தது. அந்த ஞாயிறுகளில் திருச்சபை எந்த நற்செய்தியை வாசித்தது என்பதைப் பார்த்தால், புயலைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி எது என்பது தெளிவாகும்.

அந்த வியாழக்கிழமை இரவு

1978 நவம்பர் 23 ஒரு வியாழக்கிழமை. அன்றைய இரவில் சூறாவளி மட்டக்களப்புக் கரையைத் தாக்கியது. கிழக்கின் பல ஊர்களில் அந்நாளைய ஏழைகளின் வீடு களிமண் சுவரும் தென்னங்கிடுகுக் கூரையுமாகவே இருந்தது. காற்று முதலில் எடுத்துக்கொண்டு போனது அந்தக் கூரையைத்தான். ஓட்டு வீட்டுக்காரரின் ஓடுகளும் தப்பவில்லை. அந்த இருட்டிலே குழந்தைகளை அணைத்துக்கொண்டு கட்டிலின் கீழும் மேசையின் கீழும் ஒதுங்கியவர்களும், பாடசாலைக்கும் ஆலயத்திற்கும் ஓடியவர்களும் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று இப்பத்தியை வாசித்துக்கொண்டிருக்கலாம்.

அந்தப் புயலில் உயிரிழந்தவர்கள் ஏறத்தாழ 915 பேர் என்று பதிவுகள் கூறுகின்றன. பாதிக்கப்பட்டோர் பத்து இலட்சத்திற்கு மேல். சேதமடைந்த வீடுகள் ஏறக்குறைய 250,000. சேதமுற்ற பாடசாலைக் கட்டிடங்கள் 240. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. மீன்பிடிக் கலங்களில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. நெற்களஞ்சியங்கள் 11 இல் 9 அழிந்தன.

இந்த எண்களைச் சற்று நிதானமாக வாசித்துப் பாருங்கள். தென்னை என்பது கிழக்கிலே வெறும் மரமன்று. அது கறிக்குப் பால், விளக்குக்கு எண்ணெய், அடுப்புக்கு விறகு, கயிற்றுக்குத் தும்பு, வேலிக்கும் கூரைக்கும் கிடுகு. நாட்டிய தென்னம்பிள்ளை காய்க்கத் தொடங்கப் பல ஆண்டுகள் செல்லும். காற்று கொண்டு போன கூரையை மீண்டும் வேய்வதற்கு வேண்டிய ஓலையைத் தரும் மரமும் அதே இரவிலே விழுந்தது. படகும் நெல்லும் தென்னையும் ஒருங்கே போனபோது, ஒரு குடும்பம் நாளை எதைக்கொண்டு எழும்புவது என்பதே கேள்வியாகிவிட்டது.

காற்று எங்கிருந்து வருகின்றது?

படைப்பை அறிவது படைத்தவரை மதிப்பதற்கு ஒரு வழியாகும். ஆகவே சூறாவளி எவ்வாறு பிறக்கின்றது என்பதை நம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்வது நல்லது.

சூறாவளி என்பது தனியொரு காற்றன்று. பல இடிமேகங்கள் ஒரு மையத்தைச் சுற்றி ஒன்றுதிரண்டு சுழலத் தொடங்கும்போது அது உருவாகின்றது. கடல் மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்கு மேல் இருக்கையில், நீராவி நிறைந்த காற்று மேலெழுகின்றது. மேலே சென்று குளிர்ந்து அந்த நீராவி மழைத்துளியாக மாறும்போது, அதனுள் அடங்கியிருந்த வெப்பம் வெளிப்படுகின்றது. அவ்வெப்பம் காற்றை இன்னும் உயரத் தூக்குகின்றது. கீழே அமுக்கம் குறைகின்றது. சுற்றியுள்ள காற்று அந்த இடத்தை நோக்கி விரைகின்றது. பூமி சுழல்வதனால் அக்காற்று நேராக வராது வளைந்து, நமது வடவரைக்கோளத்திலே மணிக்கூட்டின் முள் செல்லும் திசைக்கு எதிராகச் சுழல்கின்றது.

வலுவான சூறாவளியின் நடுவிலே ‘கண்’ எனப்படும் அமைதியான பகுதி ஒன்று உண்டு. அது ஓரூரைக் கடக்கும்போது காற்று திடீரென்று ஓய்ந்துவிடும். சில வேளைகளில் வானத்திலே விண்மீன்களும் தெரியும். புயல் முடிந்துவிட்டது என்று எண்ணி மக்கள் வெளியே வருவார்கள். சிறிது நேரத்தின் பின் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தோடு காற்று திரும்பவும் அடிக்கும். முதல் காற்றிலே தளர்ந்து நின்ற சுவரும் மரமும் இரண்டாம் காற்றிலே விழும். இடையில் வரும் அமைதியை நம்பி வெளியே வரக்கூடாது என்பது கரையோர மக்கள் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம்.

கரையைக் கடந்தபின் சூறாவளிக்குக் கடலின் வெப்பம் கிடைப்பதில்லை. எனவே காற்றின் வேகம் குறைகின்றது. மழையோ அவ்வாறு குறைவதில்லை. ஈரமான காற்று மலைத்தொடரிலே மோதி மேலெழும்போது, இருக்கும் நீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகின்றது. அந்த நீர் மண்ணின் துகள்களுக்கிடையே புகுந்து நிறையும்போது மண் தன் பிடிப்பை இழக்கின்றது. சரிவிலே நிற்கும் மலை நழுவுகின்றது. சிற்றோடை சில மணி நேரத்திலே காட்டாறாகின்றது. 2025 இல் நிகழ்ந்தது இதுதான். நவம்பர் 27, 28 ஆம் திகதிகளை ஒட்டிய நாட்களிலே கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை முதலிய மாவட்டங்களில் மண்சரிவுகளும் வெள்ளமும் ஊர்களையே மூடின. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடலிலே பிறந்த புயலினால் கடலையே காணாத குடும்பங்கள் மாண்டன.

தண்டனை என்று சொல்லலாமா?

ஒவ்வொரு பேரழிவின் பின்பும் நம் மத்தியிலே ஒரு பேச்சு எழுவதுண்டு. “இது கடவுளின் கோபம், அந்த ஊரார் செய்த பாவத்திற்குக் கிடைத்த தண்டனை” என்பார்கள். பக்தியுள்ளவர்களின் வாயிலிருந்தே இச்சொல் வருவது வேதனைக்குரியது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து நிற்கும் ஒரு தாயின் செவியிலே இது விழுந்தால் என்னவாகும் என்று சொல்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆண்டவர் இயேசு இக்கேள்வியை நேரடியாகவே எதிர்கொண்டிருக்கிறார். சீலோவாமிலே கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்த செய்தியை அவர் எடுத்துப் பேசியதை லூக்கா நற்செய்தியின் 13 ஆம் அதிகாரம் தருகின்றது. எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிட இவர்கள் பெரும் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். கதிரவனும் மழையும் நல்லோர்மீதும் தீயோர்மீதும் ஒன்றுபோலவே வருகின்றன என்பதும் மலைப்பொழிவிலே அவர் தந்த படிப்பினை. ஆகவே, இறந்தவர்களின் பாவக் கணக்கை எழுத எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும் இயேசு அத்தோடு நின்றுவிடவில்லை. இறந்தவர்களைப் பற்றிய கேள்வியை உயிரோடு இருப்பவர்களை நோக்கித் திருப்புகிறார். மனம் மாறுங்கள் என்று கேட்டு நின்றவர்களிடமே சொல்கிறார். கோபுரம் விழுந்தது ஏன் என்பதை அவர் விளக்கவில்லை. விழுந்தபின் நீங்கள் எப்படி வாழப்போகிறீர்கள் என்பதையே கேட்கிறார்.

இறைவாக்கினர் எலியாவின் அனுபவமும் இதுவே. ஓரேபு மலையிலே பாறைகளைப் பிளக்கும் பெருங்காற்று வீசியது; நிலம் அதிர்ந்தது; தீ எழுந்தது. ஆண்டவர் அவற்றில் இருக்கவில்லை என்று அரசர் முதலாம் நூலின் 19 ஆம் அதிகாரம் கூறுகின்றது. அவற்றின் பின் மெல்லிய ஒலியொன்று கேட்டது. அந்தக் குரல் எலியாவுக்குக் காற்றைப் பற்றி எதையும் விளக்கவில்லை. இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டு, செய்யவேண்டிய பணிகளைக் கையிலே கொடுத்து, வந்த வழியே அவரைத் திருப்பி அனுப்பியது.

புயலுக்குப் பின் நமக்குக் கொடுக்கப்படும் பணிகள் எவை? இங்கேதான் அந்த இரு ஞாயிறுகள் நமக்கு உதவுகின்றன.

முதல் ஞாயிறு: 1978 நவம்பர் 26

நமது ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழன்று வருகின்றன என்பதை அறிவீர்கள். 1978 முதலாம் ஆண்டு வாசகங்களுக்குரிய ஆண்டாக இருந்தது. கிழக்கிலே புயலடித்து மூன்றாம் நாள் வந்த ஞாயிறு, கிறிஸ்து அரசர் பெருவிழா. அன்று உலகெங்கும் கத்தோலிக்க ஆலயங்களிலே வாசிக்கப்பட்ட நற்செய்தி, மத்தேயு 25 ஆம் அதிகாரத்தின் இறுதித் தீர்ப்புப் பகுதி. பசித்தவர், தாகமுற்றவர், அந்நியர், ஆடையற்றவர், நோயுற்றவர், சிறையிலிருப்பவர் ஆகிய இவர்களுக்குச் செய்தது எதுவோ அதைத் தமக்கே செய்ததாக அரசர் ஏற்றுக்கொள்ளும் பகுதி அது.

இதை எவரும் புயலுக்கென்று தேர்ந்தெடுக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே அட்டவணையில் குறிக்கப்பட்டிருந்த வாசகம் அது. இருந்தும் அந்த ஞாயிறன்று கிழக்கிலே அந்தப் பட்டியல் முழுவதும் கண்முன்னே நின்றது. களஞ்சியத்தை இழந்து பசித்தவர்கள் இருந்தார்கள். கிணறு கலங்கிக் குடிநீரின்றித் தவித்தவர்கள் இருந்தார்கள். கூரையிழந்து, முன்பின் அறியாதவரின் திண்ணையிலே அந்நியராக ஒதுங்கியவர்கள் இருந்தார்கள். உடுத்த துணியைத் தவிர வேறில்லாதவர்கள் இருந்தார்கள்.

“ஆண்டவரே, அந்த இரவிலே நீர் எங்கிருந்தீர்?” என்று கேட்டு அழுபவரை நாம் கடிந்துகொள்ளலாகாது. திருப்பாடல்கள் முழுவதிலும் அக்கேள்வி உண்டு. ஆனால் அந்த ஞாயிறின் நற்செய்தி அக்கேள்விக்கு ஒரு விடையைத் தருகின்றது. அரசர் தாம் எங்கிருந்தார் என்பதைத் தாமே சொல்கிறார். அவர் கூரையற்றவர்களோடு இருந்தார். நனைந்த குழந்தையோடு இருந்தார். அவரைக் கண்டுகொண்டு கதவைத் திறந்தவர்கள், தாம் திறந்தது அவருக்கே என்பதை அப்போது அறியவில்லை. அக்காட்சியில் வரும் நீதிமான்களும் அறியாமலேதான் செய்தார்கள்.

அரசர் கேட்கும் பட்டியலிலே பெரிய காரியம் எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள். புயலைத் தடுத்தாயா என்று அவர் கேட்பதில்லை. ஒரு நேர உணவு, ஒரு குவளை நீர், ஒரு துணி, தங்க ஓரிடம், நோயாளியைப் பார்க்க ஒரு நடை. இவை எந்த ஏழையின் வீட்டிலும் செய்யக்கூடியவை.

இரண்டாம் ஞாயிறு: 2025 நவம்பர் 30

‘டித்வா’ வந்துபோன பின் வந்த ஞாயிறு, திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. அன்றும் முதலாம் ஆண்டு வாசகங்களே தொடங்கின. நற்செய்தி மத்தேயு 24 ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. நோவாவின் காலத்திலே வெள்ளம் வந்து மக்களை வாரிக்கொண்டு போனதைச் சொல்லி, விழிப்பாயிருக்குமாறு ஆண்டவர் பணிக்கும் பகுதி அது. மலைநாட்டிலே இன்னும் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் காலையில், அப்பகுதியை வாசித்த குருக்களும் கேட்ட மக்களும் என்ன உணர்ந்திருப்பார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அப்பகுதியை நாம் தவறாக விளங்கிக்கொள்ளக்கூடாது. நோவாவின் காலத்தவர் உண்டார்கள், குடித்தார்கள், திருமணம் செய்தார்கள் என்றுதான் இயேசு இங்கே சொல்கிறார். உண்பதும் குடிப்பதும் மணமுடிப்பதும் பாவங்கள் அல்ல. வெள்ளம் வந்து சேரும்வரை அவர்கள் எதையும் அறியாதிருந்தார்கள் என்பதே அவர் சுட்டும் குறை. இரவிலே திருடன் எந்த நேரம் வருவான் என்று தெரிந்திருந்தால் வீட்டுக்காரர் விழித்திருப்பார் என்ற உவமையையும் அவர் சேர்க்கிறார். ஆண்டவரின் வருகைக்காக விழித்திருத்தலே இதன் முதற்பொருள். ஆயினும் தன் வீட்டையும் அயலவரின் வீட்டையும் காக்க விழித்திராதவன், ஆண்டவருக்காக விழித்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இங்கே ஓர் உண்மையை மறைக்காது பேச வேண்டும். மண்சரிவிலே இறந்தவர்கள் விழித்திராததனால் இறந்தார்கள் என்று எவரும் சொல்லிவிடக்கூடாது. மலைநாட்டுத் தோட்டங்களிலே நம் மக்கள் பல தலைமுறைகளாக லயன் அறைகளில் வாழ்கிறார்கள். அந்தச் சரிவிலே வீடு கட்ட அவர்கள் தீர்மானிக்கவில்லை. தேயிலைக்கு எது வசதியோ அங்கே அவர்களைக் குடியிருத்தினார்கள். வேறிடத்திலே கட்டிக்கொள்ளத் தமக்கென்று ஒரு துண்டு நிலமும் அவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. பாறைமீது வீடு கட்டியவரையும் மணல்மீது கட்டியவரையும் பற்றிய உவமையை நாம் அடிக்கடி கேட்கிறோம். பாறையையோ மணலையோ தெரிவு செய்யும் உரிமையே இல்லாதவர்களும் நம் நடுவே உண்டு என்பதை அவ்வுவமையைக் கேட்கும்போது நினைத்துக்கொள்வோம்.

ஆகையால், விழித்திருங்கள் என்ற கட்டளை அபாயத்தில் வாழ்பவருக்கு மாத்திரம் உரியதன்று. எச்சரிக்கையைக் கையில் வைத்திருப்பவர், அதை உரிய நேரத்தில், கேட்பவருக்கு விளங்கும் மொழியிலே சேர்ப்பிக்கக் கடமைப்பட்டவர். நிலத்தைப் பங்கிடுபவரும், வீதியும் வீடும் அமைப்பவரும், மலையை வெட்ட அனுமதிப்பவரும் விழித்திருக்க வேண்டியவர்கள். ஏழையைப் பாதுகாப்பான நிலத்திலே குடியமர்த்துவது நீதியின் கடமை. நிவாரணப் பொதியைக் கொடுத்து முடிப்பதோடு அக்கடமை தீர்ந்துவிடுவதில்லை.

மணியும் மின்னலும்

எச்சரிக்கைகளைக் கேட்பதும் ஆயத்தம் செய்வதும் விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். “கடவுள் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி வெள்ளம் வரும் வீட்டிலேயே படுத்துக்கொள்பவர்களும் உண்டு. இவர்களுக்காகத் திருச்சபையின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியைத் தருகிறோம்.

ஐரோப்பாவிலே பல நூற்றாண்டுகளாக, இடிமுழக்கம் தொடங்கியதும் ஆலய மணியை அடிக்கும் வழக்கம் இருந்தது. மணியோசை மின்னலைக் கலைக்கும் என்று மக்கள் நம்பினார்கள். ஊரிலே உயர்ந்து நிற்பது ஆலயக் கோபுரம். அதனுள்ளே ஈரக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மணியடிப்பவர். 18 ஆம் நூற்றாண்டிலே எடுக்கப்பட்ட கணக்கொன்றின்படி, 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களை மின்னல் தாக்கியது. மணியடித்தவர்களில் 103 பேர் மாண்டார்கள். அவர்களின் பக்தியில் குறையிருக்கவில்லை. மின்னல் உயர்ந்த இடத்தை நாடும் என்ற அறிவு அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை.

அதே நூற்றாண்டிலே மொராவியா நாட்டின் பிரிமெட்டிசெ என்ற கிராமத்தில் புரோகோப் திவிஷ் என்ற கத்தோலிக்கப் பங்குத்தந்தை வாழ்ந்தார். மின்னலை ஆராய்ந்த அவர், 1754 ஆம் ஆண்டிலே தம் இல்லத்தருகே உயரமான கம்பத்தில் உலோக முனைகளைப் பொருத்தி, மின்னற்காப்புக் கருவியொன்றை நிறுவினார். அமெரிக்காவிலே பெஞ்சமின் பிராங்கிளின் மின்னலை ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலம் அது. பின்னர் மழை பொய்த்தபோது, இந்தக் கருவியால்தான் வறட்சி வந்தது என்று அவருடைய பங்கு மக்களே அதை உடைத்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் ஆலயக் கோபுரங்களின் உச்சியிலே, சிலுவைக்கு அருகிலேயே மின்னற்கடத்தி நிற்கின்றது. அதனால் சிலுவைக்கு எந்தக் குறைவும் ஏற்படவில்லை.

நம் வீடுகளிலே புயல் வேளையில் மந்திரித்த மெழுகுதிரியை ஏற்றுவதும், குருத்தோலையைச் சிலுவையின் அருகே வைத்துச் செபிப்பதும் அழகிய வழக்கங்கள். அவற்றைக் கைவிட வேண்டாம். ஆனால் செபித்த கையே வானொலியையும் திறக்கட்டும். ஆலய மணியும் ஒலிக்கட்டும்; புயல் வந்து சேருமுன், ஊரைத் துயிலெழுப்பி மேட்டுநிலத்திற்கு அழைப்பதற்காக ஒலிக்கட்டும்.

குடும்பமாகச் செய்யக்கூடியவை

திருவருகைக்கால ஆயத்தங்களோடு பின்வருவனவற்றையும் குடும்பமாகப் பேசிக்கொள்ளுங்கள். மின்னலைக் கண்டதிலிருந்து இடியைக் கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர் தூரம் என்பது கணக்கு. இடி காதிற் கேட்டாலே மின்னல் தாக்கக்கூடிய தூரத்தில் இருக்கிறீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் ஆகும்வரை வயலுக்கோ கடற்கரைக்கோ செல்ல வேண்டாம். ஓடும் வெள்ளத்தைக் கண்ணால் மட்டிட முடியாது. 15 சென்றிமீற்றர் ஆழமான விரைந்த நீர், வளர்ந்த ஒருவரை விழுத்திவிடும். 30 சென்றிமீற்றர் நீர் மோட்டார் வாகனத்தையே மிதக்கச் செய்துவிடும். இரவிலே வெள்ளம் மூடிய பாலத்தைக் கடக்க முயல வேண்டாம்.

மலைச்சரிவில் வாழ்பவர்கள், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மூன்று நிலை எச்சரிக்கைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் என்றால் கவனமாயிருத்தல். செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாதல். சிவப்பு என்றால் உடனே வெளியேறுதல். சுவரிலே புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று என்பன மலை தரும் எச்சரிக்கைகள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் மனனம் செய்வியுங்கள்.

இவற்றோடு ஒன்றை மறவாதீர்கள். மாற்கு நற்செய்தியின் 4 ஆம் அதிகாரத்திலே, பொழுது சாய்ந்த வேளையில் சீடர் இயேசுவோடு படகேறுகிறார்கள். காற்றெழும்புகின்றது, அவர் பின்பக்கத்திலே தலையணையில் தலைவைத்து உறங்குகிறார், சீடர் அவரை எழுப்புகிறார்கள். இதை நாம் நன்கறிவோம். ஆனால் வேறு படகுகளும் அவரோடு சென்றன என்று நற்செய்தியாளர் ஒரு சிறு குறிப்பை வைத்திருப்பதை நாம் கவனிப்பதில்லை. அந்தப் படகுகளில் இருந்தவர்கள் இயேசுவை எழுப்பவில்லை. அவர் காற்றை அடக்கியபோது அவர்களுக்கும் கடல் அமைதியாயிற்று.

நம் படகைச் சுற்றியும் வேறு படகுகள் உண்டு. தனியே வாழும் முதியவர் ஒருவர் நம் ஒழுங்கையிலே இருப்பார். நடக்க இயலாத பிள்ளையை வைத்திருக்கும் தாய் ஒருவர் அடுத்த வேலிக்கப்பால் இருப்பார். கையடக்கத் தொலைபேசி இல்லாதவர், வாசிக்கத் தெரியாதவர், கணவர் கடலுக்குச் சென்றிருக்கும் பெண் என்று எத்தனையோ பேர். அவர்கள் நம் ஆலயத்திற்கு வருபவர்களாகவோ நம் சமயத்தவர்களாகவோ இருக்க வேண்டியதில்லை. இவ்வாரமே உங்கள் குடும்பம் இப்படியான ஒரு வீட்டைத் தெரிந்தெடுக்கட்டும். எச்சரிக்கை வரும் இரவிலே அந்த வீட்டுக் கதவைத் தட்டுவது யார், அவர்களைத் தாங்கி அழைத்து வருவது யார், எங்கே தங்கவைப்பது என்பதை மூத்த பிள்ளைகளோடு கலந்து பேசித் தீர்மானியுங்கள். புயலுக்கு முன் விழிப்பு, புயலுக்குப் பின் இரக்கம் என்று அந்த இரு ஞாயிறுகளும் நமக்குக் கொடுத்த பணி, அந்த ஒரு கதவிலே தொடங்கட்டும்.

இன்றிரவு குடும்ப செபமாலையின் முடிவிலே இவ்வாறு மன்றாடுவோம்:

காற்றையும் கடலையும் படைத்த ஆண்டவரே, 1964 இலும் 1978 இலும் 2025 இலும் புயலிலும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் எங்களைவிட்டுப் பிரிந்த அனைவரையும் உமது இல்லத்திலே சேர்த்தருளும். உறவுகளை இழந்தவர்களின் கண்ணீருக்கு நீரே துணையாக இரும். சரிவிலும் கரையிலும் வாழும் ஏழைகளுக்கு உறுதியான நிலமும் உறுதியான கூரையும் கிடைக்கச் செய்யும். உறங்குவோருக்காக விழித்திருக்கும் இதயத்தையும், நனைந்து வருவோருக்குக் கதவைத் திறக்கும் கரங்களையும் எங்கள் குடும்பத்திற்குத் தாரும். ஆமென்.